பெரிய ஃபேன் வாங்கறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளு

பழைய பீட்டில் கார் ஒண்ணு கைக்கு வந்ததும் அதுக்கு டர்போ மாட்டணும்னு ஆசைப்படறது தப்பே இல்லை, தம்பி. மாட்டின மறுநாளே என்ஜின் சூடாகுதுன்னு பெரிய ஃபேன் தேடி பெங்களூருக்கு பஸ் ஏறறே பாரு, அங்கதான் எனக்குக் கோபம் வருது. குப்பம் பக்கத்துல குடுபல்லியில அப்பா ஆரம்பிச்ச பட்டறையை நான் பார்த்துக்க ஆரம்பிச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆட்டோ, டில்லர், மோட்டார் பம்பு, நாலஞ்சு பீட்டில்னு ரேடியேட்டர் இல்லாம காத்துலயே குளிர்ற என்ஜின் எத்தனையோ பிரிச்சிருக்கேன். ஃபேன் சின்னதா இருந்து கெட்டதை விட, ஃபேன் ஊதின காத்து போக வேண்டிய இடத்துக்குப் போகாம கெட்டதுதான் அதிகம்.

காத்துக்கு மாடு மாதிரி குணம். வேலியில ஒரு சந்து இருந்தா போதும், அது வழியாத்தான் போகும். சிலிண்டரைச் சுத்தி நெருக்க நெருக்கமா இருக்கற ஃபின் நடுவுல நுழைஞ்சு போறது அதுக்குக் கஷ்டம். பக்கத்துல விரல் நுழையற ஓட்டை இருந்தா அதிலேயே ஓடிடும். உன் வேலை முதல்ல வேலி அடைக்கறது. ஃபேன் அப்புறம்.

1. தகரத்தைக் காயலான் கடைக்குப் போடாதே. முதல் டிப்ஸும் இதுதான், முக்கியமானதும் இதுதான். என் சித்தி பையன் ஒரு 1600 சிசி பீட்டில் என்ஜினைப் பிரிச்சுப் பூட்டினான். பூட்டி முடிச்சப்போ ஒரு டப்பா நிறைய தகரத் துண்டு மிச்சம். "இது எதுக்குன்னே தெரியலக்கா, இது இல்லாமலே ஓடுது"ன்னு எடைக்குப் போட்டுட்டான். ரெண்டு வாரத்துல ஹெட் சூடு ஏறிப்போச்சு. நான் காயலான் கடையில உட்கார்ந்து இரும்புக் குவியலைக் கிளறி எடுத்த துண்டு இன்னும் ஞாபகம் இருக்கு. உள்ளங்கை அளவு, ரெண்டு பக்கமும் சிலிண்டர் வளைவுக்கு ஏத்த மாதிரி உள்வாங்கி வளைஞ்சிருக்கும், நடுவுல ஒரு மடிப்பு. ரெண்டு சிலிண்டருக்கு நடுவுல, அடிப்பக்கம் மாட்டறது அது. மேலேருந்து வர்ற காத்து நேரா கீழே விழுந்து ஓடிடாம, சிலிண்டரோட வயித்தைக் கட்டிப்பிடிச்சுச் சுத்திப் போக வைக்கறது அந்தத் துண்டுதான். அது இல்லைன்னா சிலிண்டரோட மேல்பாதி குளிரும், கீழ்ப்பாதி வேகும். சிலிண்டர் வட்டம் கோணிக்கும், அப்புறம் ரிங் பிடிக்காது, எண்ணெய் குடிக்கும். டர்போ போட்ட பிறகு அது இல்லாம ஓட்டறது அடுப்புல வெறும் சட்டி வைக்கறதுக்குச் சமம்.

என்ஜினைப் பிரிக்கும்போதே ஒவ்வொரு தகரத்தையும் போன்ல போட்டோ எடு. எந்தப் பக்கம், எந்த ஸ்க்ரூன்னு சாக்பீஸ்ல எழுது. அஞ்சு நிமிஷ வேலை.

2. ஓட்டையைக் கண்டுபிடிக்க ஊதுபத்தி போதும். என்ஜின் ஆறியிருக்கணும், பெட்ரோல் வாடையே இருக்கக் கூடாது, டேங்க்கும் கார்புரேட்டரும் கழட்டி வேற இடத்துல வெச்சிருக்கணும். ஃபேன் வாயில ஒரு கரண்ட் புளோயரை வெச்சு ஊத விடு. ஊதுபத்தியை ஓரம் ஓரமாக் காட்டிக்கிட்டே வா. புகை எங்க சிதறுதோ அங்க கசிவு. ஸ்பார்க் பிளக் வயர் நுழையற ஓட்டை, தகரமும் தகரமும் சேர்ற ஓரம், எண்ணெய் கூலரோட அடி, இந்த மூணு இடத்துல கண்டிப்பா இருக்கும். மேல் பக்கம் குளுமையான இடத்துல பழைய டயர் ட்யூபை வெட்டி அடைக்கலாம். கீழே சைலன்சர் பக்கம் அதை வைக்காதே, ஒரே மாசத்துல மொறுமொறுன்னு உடையும். அங்க சூடு தாங்கற சிலிகான் ரப்பர்தான்.

3. கொத்தனார் ட்யூபை கடன் வாங்கு. மட்டம் பார்க்கற கண்ணாடி ட்யூப் இருக்கே, அதை ஒரு பலகையில 'யு' மாதிரி வளைச்சுக் கட்டு. பாதி வரைக்கும் தண்ணி ஊத்து, கண்ணுக்குத் தெரிய ஒரு சிட்டிகை குங்குமம் போடு. நடுவுல பள்ளிக்கூட ஸ்கேலை ஒட்டு. ட்யூபோட ஒரு முனையை ஃபேன் கூட்டுக்குள்ள சின்னத் துளை போட்டு நுழை, இன்னொரு முனை வெளிக்காத்துல. என்ஜினை ஓட்டினா தண்ணி ஒரு பக்கம் ஏறும். ரெண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை சென்டிமீட்டரோ, அதுதான் உன் ஃபேன் ஃபின்னுக்குள்ள காத்தைத் தள்ளற அழுத்தம். ஒவ்வொரு சிலிண்டருக்கு மேலயும் தனித்தனியா எடு. ஒரு பக்கம் 14, இன்னொரு பக்கம் 8னு வந்தா, ஃபேனை மாத்தாதே, கூட்டுக்குள்ள எதுவோ காத்தை ஒரு பக்கமாத் திருப்புது. இந்தப் பலகைக்கு நூறு ரூபாய் கூட ஆகாது. ஆயிரக்கணக்குல ஃபேனுக்குச் செலவு பண்றவங்க இதைச் செய்யாம விடறதுதான் எனக்குத் தாங்கல.

4. ரேடியேட்டர் ஃபேனை என்ஜின் மேல வைக்காதே. "மாருதி ஃபேன் ரெண்டு வெச்சா போதும்க்கா, பெல்ட்டே வேண்டாம்"னு வாரத்துக்கு ஒருத்தன் வர்றான். கணக்கைப் பாரு. டர்போ போட்ட என்ஜினோட சிலிண்டர், ஹெட்டுலேருந்து 30 கிலோவாட் சூட்டை எடுக்கணும்னு வெச்சுக்கோ. உள்ள போற காத்து 60 டிகிரி சூடேறி வெளிய வரலாம்னு விட்டாலும், நம்ம ஊர் உயரத்துல, 40 டிகிரி வெயில்ல, நொடிக்கு ஏறக்குறைய 480 லிட்டர் காத்து வேணும். வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் தண்ணி கேன் அளவுல 24 கேன், ஒவ்வொரு நொடியும். அதை ஃபின் சந்துக்குள்ள தள்ள 15 சென்டிமீட்டர் தண்ணி அளவு அழுத்தம் வேணும். ரேடியேட்டர் ஃபேன் ரெண்டு மூணு சென்டிமீட்டர் கொடுத்தாலே பெரிசு. மீறி அந்த வேலைக்குன்னே ஒரு கரண்ட் ஃபேன் செஞ்சாலும் அது 1400 வாட்டுக்கு மேல கேட்கும். 12 வோல்ட் வண்டியில அது 100 ஆம்பியரைத் தாண்டும். உன் ஆல்டர்னேட்டர் அழுதுடும்.

கையால பிடிச்சா ஜம்முனு காத்து அடிக்குதேன்னு ஏமாறாதே. திறந்த வெளியில அடிக்கற காத்து வேற, சந்துக்குள்ள நுழையற காத்து வேற. ஃபேனைக் கிராங்க்கே சுத்தட்டும்.

5. நம்ம ஆட்டோவைப் பாரு. ரோட்டுல தினம் பார்க்கற பஜாஜ் ஆட்டோவுல ஃபிளைவீல்லயே ஃபேன் இருக்கு, அதுமேல ஒரு மூடி, அந்த மூடியிலேருந்து சிலிண்டருக்குக் காத்து போகும். அதனாலதான் சிக்னல்ல நின்னாலும் என்ஜின் தாங்குது. குப்பத்துலேருந்து ஒரு ஆட்டோ வந்துச்சு, பிஸ்டன் பிடிச்சுப் போய். மூடி கடகடன்னு சத்தம் போடுதுன்னு யாரோ கழட்டி வெச்சிருக்காங்க. ஃபேன் நல்லாத்தான் சுத்தியிருக்கு. காத்து சிலிண்டர் பக்கமே போகல.

பெரிய வண்டி பார்க்கணும்னா, நம்ம பக்கத்துல கேஜிஎஃப்ல பெமல் ஃபேக்டரி இருக்கில்ல, அந்தக் கம்பெனி 1986லேருந்து ராணுவத்துக்குச் செஞ்சு கொடுத்த டாட்ரா லாரியில காத்துலயே குளிர்ற வி-வடிவ டீசல் என்ஜின்தான். டர்போவும் காத்துக் குளிர்ச்சியும் சேராதுன்னு எவனாவது சொன்னா நம்பாதே. 1962லேயே அமெரிக்காவுல ஷெவர்லே கார்வேர்ல டர்போ வந்தாச்சு. போர்ஷே 911 டர்போ 1975லேருந்து 1998 வரைக்கும் காத்துலயே குளிர்ந்துச்சு. ஆனா போர்ஷே முதல் 3.0 லிட்டர் டர்போவுல கம்ப்ரஷனை 6.5க்கு இறக்கி வெச்சாங்க. அதைக் கவனி. சூட்டை வெளிய தள்றதுக்கு முன்னாடி, சூடு பொறக்கறதையே குறைச்சாங்க.

6. எண்ணெய் கூலரை வெளிய எடு. பழைய பீட்டில்ல எண்ணெய் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளயே, மூணாம் நம்பர் சிலிண்டருக்கு மேல நிக்கும். கூலர் சூடாக்கின காத்துதான் மூணாம் நம்பருக்குப் போகும். அதனால மூணாம் நம்பர்தான் எப்பவும் முதல்ல வேகும். 1971 மாடல்ல கம்பெனியே கூலரை ஃபேன் கூட்டுக்குப் பின்னால ஒரு தனிக் கூட்டுக்குத் தள்ளி, அதோட காத்து சிலிண்டருக்குப் போகாம வெளிய போக வழி பண்ணினாங்க. டர்போ போட்டா எண்ணெய் இன்னும் சூடாகும், ஏன்னா டர்போ பேரிங்கையும் அதே எண்ணெய்தான் குளிர வைக்குது. அதனால வெளியில தனிக் கூலர் வை. நாலாவதுல திட்டினேனே, அந்த மாருதி ஃபேன், அது இங்க வை. கூலர் மெல்லிசு, காத்து சுலபமா நுழையும், அந்த ஃபேனுக்கு அதுதான் சரியான வேலை. கூலர் எடுத்த இடத்துல கூட்டுல வர்ற ஓட்டையை அடைக்க மறக்காதே. மறக்கறவங்கதான் அதிகம்.

7. புல்லியை சின்னதாக்கி ஃபேனை வேகமாச் சுத்த வைக்கலாம்னு நினைக்காதே. ஃபேன் 20 சதவீதம் வேகமாச் சுத்தினா காத்து 20 சதவீதம்தான் கூடும், ஆனா ஃபேன் தின்ற பவர் 70 சதவீதத்துக்கு மேல கூடும். வேகத்தோட முப்படிக் கணக்கு அது. 3 குதிரைத்திறன் தின்ற ஃபேன் 5ஐத் தாண்டும். பெல்ட் வழுக்கும், வழுக்கின பெல்ட் சூடேறி அறுந்துடும்.

பெல்ட்டை நடுவுல கட்டைவிரலால அழுத்தினா ஒன்றரை சென்டிமீட்டர் அமுங்கணும். அதுக்கு மேல தொளதொளன்னு இருக்கக் கூடாது, தம்புரா கம்பி மாதிரியும் இருக்கக் கூடாது. கார்வேர்ல பெல்ட் செங்குத்தா ரெண்டு தடவை திரும்பி ஓடற மாதிரி வெச்சிருந்தாங்க, அது கழண்டு விழறதுக்குப் பேர் போனது. நீ கூடு செய்யும்போது பெல்ட் நேரா ஒரே வரிசையில ஓடற மாதிரி பார்த்துக்கோ. டிக்கியில எப்பவும் ஒரு பெல்ட்டும் ஸ்பேனரும் இருக்கட்டும். சார்ஜ் லைட் எரிஞ்சா பாட்டு முடியட்டும்னு காத்திருக்காதே. பெல்ட் அறுந்தா ஃபேன் நின்னாச்சு, அந்த நிமிஷமே ஓரங்கட்டு.

8. ஃபேனை நீயே வெல்டிங் பண்ணாதே. கூடு நீ செய், தகரம் நீ வெட்டு, நல்ல டிங்கர்கிட்ட கொடுத்து மடி, எனக்கு சந்தோஷம். சுத்தற ஃபேன் மட்டும் கம்பெனி ஃபேனாவே இருக்கட்டும். 25 சென்டிமீட்டர் ஃபேன் நிமிஷத்துக்கு 8000 சுத்து சுத்தினா அதோட நுனி மணிக்கு 370 கிலோமீட்டருக்கு மேல வேகத்துல போகும். வெல்டிங் விட்டு ஒரு இறக்கை பறந்தா பானெட்டோட நிக்காது. பழைய ஃபேன் வாங்கினா பவுடர் போட்டு ஊதிப் பாரு, விரிசல்ல பவுடர் கோடு மாதிரி நிக்கும். லேத்துல பேலன்ஸ் பார்க்காம மாட்டாதே. போர்ஷே மாதிரி நிமிர்த்தி வைக்கற ஃபேன்னா, இறக்கை நுனிக்கும் வளையத்துக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி இருக்கணும். அஞ்சு மில்லிமீட்டர் விட்டா தள்ளின காத்து அது வழியாவே திரும்பி வந்துடும்.

9. குளிர்ந்த வாய், சூடான வாய், ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்க்கக் கூடாது. ஃபேன் இழுக்கற இடம் என்ஜின் அறையோட மேல் பக்கம். சூடு போற இடம் கீழே. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற ரப்பர் பட்டை கிழிஞ்சா, துப்பின சூட்டையே ஃபேன் திரும்ப முழுங்கும். டர்போ, சைலன்சர் எல்லாம் அந்தப் பட்டைக்குக் கீழேதான் இருக்கணும். டர்போவை மேல கொண்டு வந்து அழகுக்குக் காட்டாதே. சூடு தடுக்கற துணி சுத்தறதா இருந்தா கண்ணாடி நார் வாங்கு. அஸ்பெஸ்டாஸ் கயிறு மலிவாக் கிடைக்குதுன்னு தொடாதே, நுரையீரல் போயிடும்.

இன்டர்கூலர் பத்தி ஒரு வார்த்தை. 40 டிகிரி காத்தை டர்போ 0.5 பார் அழுத்தினா அது 100 டிகிரி கிட்ட போய் என்ஜினுக்குள்ள நுழையும். அதனால இன்டர்கூலர் வேணும். போர்ஷே 1978ல ஃபேனுக்கு மேலேயே, பின் இறக்கைக்குள்ள வெச்சாங்க. அவங்க அளந்து பார்த்து வெச்சாங்க. நீ அங்க வைக்காதே, ஃபேன் வாய்க்குச் சூடு போகும். பக்கவாட்டுல வெளிக்காத்து படற இடமாப் பார்த்து வை.

10. தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போடாதே. "நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்குக்கா?"ன்னு கேட்பே. மார்கழியில காலை அஞ்சரைக்கு வந்து பாரு, கை விறைக்கும். கடல் மட்டத்துலேருந்து 650 மீட்டருக்கு மேல இருக்கோம். குளிர்ந்த என்ஜின்ல டர்போ அழுத்தம் ஏத்தினா பிஸ்டன் தேயும். பீட்டில் தெர்மோஸ்டாட் கெட்டுப்போனாலும் காத்துக் கதவைத் திறந்தே வைக்கற மாதிரிதான் செஞ்சிருக்காங்க, பயப்படாதே. அதே உயரத்தால கடலோரத்தை விட நம்ம காத்து ஏழெட்டு சதவீதம் லேசு, குளிர வைக்கற சக்தியும் அந்த அளவுக்குக் குறைவு. சென்னைக்காரன் சொன்ன கணக்கை அப்படியே போடாதே.

11. கிரானைட் தூசியை மறக்காதே. குப்பம் சுத்துவட்டாரத்துல கல் அறுக்கற இடம் எத்தனை! அந்த மாவுத் தூசியும் எண்ணெய்க் கசிவும் சேர்ந்தா ஃபின் நடுவுல சிமென்ட் பூசின மாதிரி ஆகிடும். மாசம் ஒரு தடவை ஆறின என்ஜின்ல டீசல் பிரஷ் போட்டு, மூங்கில் சிம்புல சுரண்டு. ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், ஃபின் ஒடியும். சூடான என்ஜின்ல தண்ணி அடிக்காதே. ரெண்டு மாசம் வண்டி நின்னிருந்தா கூட்டைத் திறந்து பாரு, குளவி மண் கூடு கட்டியிருக்கும். நான் ஒரு தடவை நாலு கூடு எடுத்தேன்.

12. டர்போ மாட்டறதுக்கு முன்னாடியே சூடு அளந்து எழுதி வை. நாலு சிலிண்டருக்கும் பிளக் வாஷர் மாதிரி வர்ற சென்சார் வாங்கு. ஒண்ணு போதும்னு நினைச்சா மூணாம் நம்பருக்குப் போடு. பங்காருபாளையம் பக்கத்துலேருந்து பலமனேர் ஏறற மொகிலி காட் ரோட்டுல, வண்டி கம்பெனி நிலையில இருக்கும்போதே ஒரு மதியம் ஏறிப் பார். அலிபிரியிலேருந்து திருமலைக்கு மெதுவா ஏறறதும் நல்ல சோதனை. அப்போ சென்சார் காட்டற டிகிரியை நோட்டுல எழுது. பிளக் கிட்ட 180 டிகிரி சுத்தி இருந்தா நிம்மதி. 200 தாண்டினா காலை எடு. 220க்கு மேல அலுமினியத்தை நம்பாதே, நிறுத்து. எண்ணெய் 90லேருந்து 110 வரைக்கும் சரி, 120 தாண்டினா வேலை பாக்கி இருக்குன்னு அர்த்தம்.

மேட்டுல மேல் கியர்லயே இழுத்துக்கிட்டு ஏறாதே. ஃபேன் மெதுவாச் சுத்தும், டர்போ மட்டும் அழுத்தும், அதை விடக் கொடுமை என்ஜினுக்கு வேற இல்லை. ஒரு கியர் இறக்கு, ஃபேனும் சேர்ந்து வேகமாகும்.

13. பெட்ரோல் குறைவா ஓடினா எந்த ஃபேனும் காப்பாத்தாது. டர்போ அழுத்தத்தை முதல் மாசம் 0.3 பார்லயே வை. இக்னிஷனைப் பின்னால தள்ளு. மணி அடிக்கற மாதிரி சத்தம் கேட்டா அன்னைக்கே நிறுத்து. ஓட்டி வந்ததும் சாவியைப் பட்டுனு திருப்பாதே, ரெண்டு நிமிஷம் ஐடில்ல விடு, டர்போவுல இருக்கற எண்ணெய் கருகாம இருக்கும்.

14. ரோட்டுக்குக் கொண்டு வராதே. இதைச் சொன்னா முகம் சுளிப்பே, பரவாயில்லை. பதிவு பண்ணின வண்டியைக் கம்பெனி விவரத்துக்கு மாறா மாத்தக் கூடாதுன்னு 1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தோட 52ஆவது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிடுச்சு. ஒரு விபத்துன்னா இன்சூரன்ஸ்காரன் முதல்ல கேட்கறது இதைத்தான். டர்போ வண்டியை டிரெய்லர்ல ஏத்தி இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ, கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் கரி டிராக்குக்கோ கொண்டு போய் ஆசை தீர ஓட்டு. நானும் வர்றேன், எனக்கும் ஆசைதான்.

எல்லாம் ஒரே நாள்ல செய்ய நேரம் இல்லைன்னா, ஒண்ணு, ரெண்டு, ஆறு மட்டும் இந்த ஞாயித்துக்கிழமை முடி. இப்பவே ஒரு டார்ச்சை எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில படு. சிலிண்டருக்கு நடுவுல அந்த உள்ளங்கை அளவு தகரத் துண்டு, ஒரு பக்கத்துக்கு ஒண்ணு, ரெண்டும் இருக்கான்னு பார்த்துட்டு வா.